ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்

ஆண்கள் நலச் சிகிச்சை மையங்களையும் ரத்தப் பரிசோதனைக்கூடங்களையும் நடத்துவோருக்கு,

வணக்கம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மருந்தாக எடுக்கும் சிகிச்சையில் இருப்பவருக்கு நீங்கள் தரும் ரிப்போர்ட்டில், ரத்தத்தில் அதன் அளவாக ஓர் எண் இருக்கிறது. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசி ஊசி என்றைக்குப் போட்டது என்பது இருப்பதில்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து டோஸைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.

எண்ணெயில் கரைத்த 250 மி.கி. ஊசி போட்ட ஓரிரு நாளில் அளவு உச்சத்துக்கு ஏறும். மூன்றாம் வாரம் சரிந்துவிடும். எனவே எனந்தேட், சிபியோனேட் என்ற இந்த வகை ஊசிகளைப் போடுகிறவருக்கு இரண்டு ஊசிக்கும் நடுவில் எடுங்கள். நீண்ட நாள் வேலை செய்யும் 1000 மி.கி. அண்டெகனோயேட் ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். ஜெல் என்றால் தடவி 2 முதல் 8 மணி நேரத்துக்குள், ஆனால் ஜெல் தடவிய கையில் ரத்தம் எடுக்காதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் மருந்தே எண்ணை ஏற்றிக் காட்டும். சிகிச்சை தொடங்கும் முன்போ, காலையில் வெறும் வயிற்றில் வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து ஆயுள்கால மருந்து எழுதுவது வைத்தியமா, வியாபாரமா?

அடுத்தது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி. அது சுரந்து ரத்தத்தில் கலக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வைப் பார்க்காமல் முதல் ஊசியைப் போடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைந்த உடலில் பி.எஸ்.ஏ.வும் அடங்கியே இருக்கும். அளவு ஏறும்போது அதுவும் கொஞ்சம் ஏறும், பிறகு நின்றுவிடும். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்குச் சுமார் 250 நானோகிராமுக்கு மேல் போனால், அது ஒட்டிக்கொள்ளும் புராஸ்டேட்டின் ஏற்பிகள் நிரம்பிவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே சின்ன ஏற்றத்துக்குப் பதற வேண்டாம். பி.எஸ்.ஏ. ஓராண்டுக்குள் மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடினாலோ, எப்போது பார்த்தாலும் 4ஐத் தாண்டினாலோ, மறுபடி எடுத்து உறுதிசெய்துகொண்டு சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்த பி.எஸ்.ஏ.வை நம்பக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பாதுகாப்பானதா என்று பார்த்து 2023இல் வெளிவந்த டிராவெர்ஸ் ஆய்வில் சுமார் 5,200 பேர். தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களில் 5 பேருக்கு, வெற்று ஜெல் பூசியவர்களில் 3 பேருக்கு. நல்ல செய்திதான். ஆனால் பி.எஸ்.ஏ. 3க்கு மேல் இருந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் அந்த ஆய்வு தொடங்கியது. விளம்பரத்தில் 'பாதுகாப்பானது' என்று போடுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இன்னும் இரண்டு மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு எடுப்பவருக்கு ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகிவிடும், 2.5 என்று வந்தால் 5 என்று படிக்க வேண்டும். அதே முடிக்காக விழுங்கும் 10 மி.கி. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, சில பரிசோதனை முறைகளில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் பி.எஸ்.ஏ.வைக் குறைத்தும் காட்டும். குறைக்க வேண்டாத மருந்தைக் குறைத்துவிட்டு, கவனிக்க வேண்டிய புராஸ்டேட்டைக் கோட்டைவிடுவோம். ரத்தம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது விண்ணப்பப் படிவத்தில் நான்கு கட்டங்கள்: ரத்தம் எடுத்த மணி, மருந்தின் பெயரும் அளவும், கடைசியாகப் போட்ட தேதி, முடிக்கு எடுக்கும் மாத்திரை. நான்கும் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.