அக்காவுக்கு: அந்த எட்டு சென்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

வாடகை ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்திட்டுவிட்டேன். பாலக்காடு நகரத்தில், பதினொரு மாதத்திற்கு, மாதம் 12,000 ரூபாய். மாற்றல் ஆணை எப்போது வந்தது, எந்தெந்த வீடுகளைப் பார்த்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடி எழுதவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்ட நினைத்த அந்த எட்டு சென்ட் இடத்தை வாங்க முடியாது என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் அதைச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் நீங்கள் ஆழ்துளைக் கிணற்றை எந்த மூலையில் போடலாம் என்று பேசத் தொடங்கிவிட்டீர்கள்.

இந்தப் பக்கத்தை நம் உறவினர்கள் பலர் படிக்கிறார்கள். நடந்தது வேறு விதமாக அவர்களிடம் போய்ச் சேர்ந்திருப்பதால்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். அவர்கள் படிப்பார்கள் என்பதாலேயே சிலவற்றை எழுதாமலும் விடுகிறேன்.

மார்கழி மாதத்து அந்த மாலை என் நினைவை விட்டு அகலவில்லை. கிழக்கிலிருந்து கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்கிக்கொண்டிருக்க, நீங்கள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேற்கு வரப்பிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே வந்தீர்கள். இருபத்திரண்டாவது அடியில் நின்று, "சமையலறை இங்கேதான். ஜன்னலைத் திறந்தால் என் வீட்டுப் புறவாசல் தெரிய வேண்டும்" என்றீர்கள். பிறகு ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்த முருங்கைப் போத்தை எடுத்து, கடப்பாரையால் குழி பறித்து நட்டு, அதன் தலையில் சாணத்தை உருட்டி வைத்தீர்கள். "அத்தை, இது காய்க்க எத்தனை மாதம் ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே என் மகள் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். அப்போது விலைகூடப் பேசி முடித்திருக்கவில்லை.

நீங்கள் குழி பறித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், தரகர் கொடுத்த, கரம் (நிலவரி) கட்டிய ரசீதின் நகல் என் கையில் இருந்தது. அதில் 'நிலம்' என்று எழுதியிருந்தது. தமிழில் வீட்டுமனையும் நிலம்தான், தரிசும் நிலம்தான். கேரள வருவாய் ஆவணங்களில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க இடத்திற்குப் 'புரையிடம்' என்று பெயர். உடன் வேலை பார்க்கும் மலையாளி நண்பர், வேறு எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுங்கள் என்று முந்தைய வாரம்தான் எச்சரித்திருந்தார். பார்த்தேன். பார்த்துவிட்டு, நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்ணை மிதித்து இறுக்க உங்களுக்கு உதவினேன்.

இதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். வாங்காததற்காகக் கேட்கவில்லை.

சுற்றிலும் வீடுகள் எழும்பவில்லையா என்று கேட்பீர்கள். எழும்பியிருக்கின்றன. ஆனால் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு, அப்படிப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் வீடு கட்ட முடியாது. வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போய், நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் பதிந்து வைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலைப் பார்த்தேன். அந்தச் சர்வே எண் அதில் இருக்கிறது. முதலில் ஐந்தாம் படிவத்தில் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) விண்ணப்பித்து அதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்; வேளாண் அலுவலரின் அறிக்கை சாதகமாக வர வேண்டும்; அதன் பிறகே நிலத்தின் தன்மையை மாற்றக் கோரும் ஆறாம் படிவம். தரகர் உங்களிடம் ஆறாம் படிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார், ஐந்தாம் படிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாம் முடியும்வரை வீட்டுக்கடன் கிடையாது என்று நான் விசாரித்த வங்கியில் கூறிவிட்டார்கள்.

கடன் கிடைத்திருந்தாலும் கணக்கு என்னைப் பயமுறுத்தியது. 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய், அசலில் 4,785 ரூபாய்தான் கழியும். முத்திரைத் தீர்வை 8 சதவீதத்தையும் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். மூன்றாண்டில் மறுபடி மாற்றல் வந்தால், அசலில் பெரும்பகுதி அப்படியே இருக்க, விற்பதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். வாடகை கொடுப்பது தண்ணீரில் போட்ட பணம் என்பீர்கள். அந்த மூன்றாண்டில் வட்டியாகப் போவதும் அதே தண்ணீரில்தான் போகிறது, அக்கா.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நீங்கள் இருக்கும், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதி. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று மாமா செய்தித்தாளைப் புரட்டுவதையும், கோடையில் நீங்கள் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்ததையும் நானே பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, அந்தக் கஷ்டத்திற்குள் என் பிள்ளைகளையும் அழைக்கிறீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. உங்கள் அருகில் குடியிருக்க என் மனைவி மறுத்துவிட்டாள் என்று ஒரு திருமண வீட்டில் நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தது. அந்தச் சமையலறைக்குக் கடப்பைக் கல் போதும், அக்காவின் வீட்டில் இருப்பதைப் போலவே இருக்கட்டும் என்று அளவு குறித்து வைத்திருந்தவள் அவள். டேட்டா பேங்க் விவரம் தெரிந்த அன்று அவள்தான் அழுதாள், நான் அழவில்லை. நான் மறைத்ததற்கான பழியை அவள் சுமக்கிறாள். அதை நீங்களே, சொன்ன இடத்திலேயே, திருத்திச் சொல்ல வேண்டும்.

என் கல்லூரி நாட்களில் நீங்கள் எனக்காகச் செய்ததை இங்கே எழுத மாட்டேன். மாமாவின் தம்பிமார் இதைப் படிக்கலாம். அதை ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறீர்கள். அப்படி நீங்கள் நிற்கும்போது என்னால் பேச முடிவதில்லை. அந்த மாலையிலும் அதனால்தான் பேசவில்லை. இது சாக்குப்போக்காகத் தோன்றலாம், உண்மையும்கூட.

நீங்கள் கொடுத்த முன்பணத்தைப் பற்றி நேரில் பேசுவோம். அது திரும்பி வராவிட்டால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

போத்து மூன்று இடத்தில் துளிர்த்திருப்பதாக மாமா சொன்னார். வேறு யாராவது அந்த இடத்தை வாங்குவதற்கு முன் அதை எடுத்துவந்து இங்கே வைக்கலாமா என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். சுவருக்கு அருகில் மரம் கூடாது என்று மறுத்துவிட்டார். அதனால் உங்கள் புறவாசலிலேயே நட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அழைத்து வருகிறேன்.

வியாழக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறோம். வாடகை வீட்டிற்கு எதற்கு என்று கேட்காமல் மாமாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் பேருந்தில் ஏறினால் நேரத்திற்கு வந்துவிடலாம். நீங்கள் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தம்பி