குமரிக்கு முந்தைய நாள் தங்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்ரீநகரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருபவர்களைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. புறப்பாட்டுக்கும் முடிவுக்கும் படம் போடுகிறார்கள். முடிவுக்கு முந்தைய நாள் நண்பர் வீட்டில் தங்குவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதுவரை ஒழுங்காக வந்த பயணம் கெட்டுப்போக அந்த ஒரு தங்கல் போதும். விருந்தாளி, வீட்டுக்காரர் இருவருக்குமாக இதை எழுதுகிறோம்.

நெல்லையிலிருந்து குமரி சுமார் 85 கிலோமீட்டர். கடைசி இரவுக்கு நெல்லை, நாங்குநேரி, வள்ளியூர் மூன்றும் தோதான ஊர்கள். நண்பரின் வீடு நெடுஞ்சாலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தால், அவரே சாலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. சுமையுள்ள சைக்கிளுக்கு முப்பது கிலோமீட்டர் சுற்று என்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். வருகிற நேரத்தைக் காலையிலேயே உறுதியாகச் சொல்லாதீர்கள். ஒரு பஞ்சர் போதும், சமைத்தவர் காத்திருக்க வேண்டியதாகிவிடும். கடைசி ஊரிலிருந்து போன் செய்தால் போதும்.

வந்ததும் இலை போடாதீர்கள். முதலில் உப்புப் போட்ட நீர்மோர், பிறகு குளியல், அதன் பிறகு சோறும் ரசமும். வழக்கமான அளவைப்போல் ஒன்றரை மடங்கு சாப்பிடுவார்கள், அதற்கேற்ப உலை வையுங்கள். பரோட்டா சால்னாவைப் பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். பஞ்சு வைத்த கால்சட்டையைச் சோப்பில் அலசி மின்விசிறிக்குக் கீழே காயப்போட வேண்டும். ஈரத்தோடு மறுநாள் போட்டால் இருக்கையில் உரசித் தொடைத் தோல் உரியும். மாலை முழுக்கத் தளர்வான வேட்டியோ கைலியோ போதும்.

இனி வண்டி. பயணப் பாதையில் உள்ள சிற்றூர்க் கடைகளில் சாதாரண 26, 28 அங்குல டியூப் கிடைக்கும். மெல்லிய ப்ரெஸ்டா வால்வு (காற்றடைக்கும் மூக்கு) உள்ள, 700சி என்ற அளவு டியூப் கிடைப்பது அரிது. அதை முன்கூட்டியே நண்பர் முகவரிக்கு வரவழைத்துவிடலாம். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயில் அந்த வால்வு சேராது, ஆகவே சிறிய பித்தளை அடாப்டரும் வேண்டும். டயரில் பின்பக்கத்தை முதலில் பாருங்கள், எடை பெரும்பாலும் அதன் மேல்தான். ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். பின்சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். செயின் பக்கத்துக் கம்பிகளில் இழுவிசை அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் அறும்.

செயினைப் பொறுத்தவரை, கடைக்காரர் மாற்றச் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். நெடும்பயணத்தில் நீண்டு, பதினாறில் ஒரு பங்கு அங்குலமோ அதற்கு மேலோ கூடியிருக்கும். மாற்ற வேண்டியதுதான், ஆனால் இப்போது வேண்டாம். பழைய செயினும் பின்சக்கரப் பல்லும் ஒன்றோடொன்று சேர்ந்து தேய்ந்தவை. புதுச் செயின் அந்தப் பல்லில் பிடிக்காமல், அழுத்தி மிதிக்கும்போது நழுவும். மீதமுள்ள தூரத்துக்குத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். இருக்கை உயரத்தையும் அன்று தொடாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. பணகுடி தாண்டித் தெற்கே போகிறவருக்கு அந்தக் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். வண்டியை வலப்புறம் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் லாரி ஒன்று முந்தினால் காற்று சட்டென மறைந்து, சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கி இழுக்கும். லாரி கடந்ததும் காற்று மறுபடி இடப்புறம் தள்ளும். எனவே லாரிச் சத்தம் கேட்டதுமே வேகத்தைக் குறைத்து, வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் நன்றாக ஒதுங்குங்கள். விடியுமுன் கிளம்பினால் காற்று சற்று அடங்கியிருக்கும். நாகர்கோவிலில் நண்பர் இருந்தால் போகும்போதே போய்ப் பார்க்காதீர்கள். காவல்கிணற்றிலிருந்து அந்தச் சாலை காற்றை நேருக்கு நேர் சந்திக்கும். அஞ்சுகிராமம் வழியாகக் குமரியை முடித்துவிட்டு நாகர்கோவில் போகலாம்.

"பையை நான் காரில் கொண்டு வருகிறேன்" என்று நண்பர் சொன்னால் கொடுங்கள். பம்பு, டியூப், கழற்றும் சாவி மட்டும் உங்களிடமே இருக்கட்டும். கார் போனபின்தான் பஞ்சர் ஆகும் என்பது எழுதப்படாத விதி. கூடவே ஓட்டி வர ஆசைப்படும் நண்பர்கள் அஞ்சுகிராமத்தில் சேர்ந்துகொள்ளட்டும். பைக்கில் பக்கவாட்டில் வந்து வீடியோ எடுப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பொன்னாடையும் மாலையும் இறங்கி நின்ற பிறகே. தொங்கும் துணி முன்சக்கரத்தில் சுற்றினால் தலைகுப்புற விழ நேரும்.

ஊர் திரும்பச் சைக்கிளை ரயிலில் பதிவு செய்வதானால் நண்பரிடம் சாக்கும் கயிறும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் கேட்டு வையுங்கள். பெடலைக் கழற்றும்போது கவனம்: இடது பெடலின் மரை எதிர்த்திசை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

இப்படிக்கு,
நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டிகள் சிலர்,
திருநெல்வேலி.