வன்முறை பற்றிக் கேட்க மாணவர்களை அனுப்பும் முன்: பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், சமூகப்பணி, மகளிரியல், உளவியல் துறைத் தலைவர்களுக்கும், ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தல் ஆகிய தலைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்வியாண்டிலும் நம் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் வினாநிரலோடு வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்கிறார்கள். அத்தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். மாதிரி அளவைக் கணக்கிடவும் புள்ளியியல் சோதனைகளைச் செய்யவும் அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே கணவர் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சை எப்படி மாற்றுவது, ஒரு சிறுமி தனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே யாரை அழைப்பது என்பவற்றைக் கற்றுக்கொடுப்பது மிக அரிது. களப்பணியை மேற்பார்வையிடும் ஆசிரியை என்ற முறையில், இப்பயிற்சியை முடிக்காத எவரையும் இத்தகைய ஆய்வுக்கு அனுப்பாதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு. நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இந்த எண் தவறாமல் இடம்பெறுகிறது. அது எவ்வளவு கவனத்தோடு பெறப்பட்டது என்பதை யாரும் எழுதுவதில்லை. வன்முறை பற்றிய கேள்விகள் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கப்பட்டன. தனிமை கிடைக்காத இடத்தில் கேட்காமலே விடப்பட்டன. "வன்முறை நடந்ததா" என்று பொதுப்படையாகக் கேட்காமல், அறைந்தாரா, உதைத்தாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்டார்கள். கணவன் கைநீட்டுவதை வன்முறை என்று எண்ணாத பெண்கள் ஏராளம் என்பதால்தான் அப்படி. அதே கணக்கெடுப்பு, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொல்லவுமில்லை, உதவி தேடவுமில்லை என்கிறது. அப்படியானால் நம் மாணவியின் முன்னால் அமர்ந்திருக்கும் பெண் வாழ்நாளில் முதன்முறையாக வாய் திறக்கிறவளாக இருக்கலாம். அந்த நேரத்தில் மாணவி, நல்லெண்ணத்தோடேகூட, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் இன்னொருவரிடம் பேசப் பல ஆண்டுகள் ஆகும்.

இவற்றுக்கான வழிமுறைகளை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறை ஆய்வுக்கான நெறிமுறை, பாதுகாப்புப் பரிந்துரைகளை உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே வெளியிட்டுவிட்டது. அந்நிறுவனம் பத்து நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்து, 2005இல் வெளியிட்ட ஆய்வுக்காக, நேர்காணல் செய்பவர்களுக்குச் சுமார் மூன்று வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. பெண்களின் உடல்நலமும் வாழ்வனுபவமும் பற்றிய ஆய்வு என்றே ஊரில் அது அறிமுகப்படுத்தப்பட்டது. ஆய்வின் உண்மையான பொருள் தெருவுக்குத் தெரிந்தால் பதில் சொன்னவள் அன்றிரவே அடி வாங்க நேரும் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள். நம் மாணவர்களோ "குடும்ப வன்முறை" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட தாள்களோடு திண்ணையில் உட்காருகிறார்கள். மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார்.

குழந்தைகள் தொடர்பான ஆய்வில் நிலைமை இன்னும் சிக்கலானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால், 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்படியிருக்க, பள்ளி மாணவியிடம் "நீ சொல்லும் எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று ஒப்புதல் படிவத்தில் எழுதித் தருவது காப்பாற்ற முடியாத வாக்குறுதி. பதினேழு வயதுக் காதலில் சம்மதத்தோடு நேரும் பாலுறவும் இச்சட்டத்துக்குள் வருகிறது என்பதால், வளரிளம் பருவ உறவுகளைப் பற்றிக் கேட்க நினைப்பவர் வினாநிரலில் முதல் கேள்வியை எழுதும் முன்பே, அப்படியொன்று தெரியவந்தால் என்ன செய்வது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் பெறும் விதியோ வேறொரு முடிச்சைப் போடுகிறது: துன்புறுத்துபவரே தந்தை என்றால் கையெழுத்துப் போடப்போவது யார்? இன்று எஸ்வாத்தினி எனப்படும் ஆப்பிரிக்க நாடான ஸ்வாசிலாந்தில் 2007இல் 13 முதல் 24 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, வளர்ந்தவர்களிடமும் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டது. நம் சூழலில் 18 வயது கடந்தவர்களிடம் மட்டும் இப்படிக் கேட்பது பல ஆய்வுகளுக்குப் போதுமானதாக இருக்கும். அதைச் சொல்லித்தர ஒரு நெறியாளர் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடம் 30 மணி நேரம் கொண்டது. கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவீடுகள் என விரியும் அதன் ஆறு அலகுகளில், தகவல் தருபவரின் பாதுகாப்புக்கென்று தனி அலகு கிடையாது. கட்டுரையைத் திருடுவது குற்றம் என்று கற்பிக்கும் நாம், ஒரு பெண்ணை ஆபத்தில் மாட்டிவிடுவது அதைவிடப் பெரிய குற்றம் என்பதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டோம்.

வன்முறையைத் தடுக்க உதவாத ஆய்வுகள் பெருகுவதும் பயிற்சி இல்லாததன் இன்னொரு விளைவே. 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கேட்டு ஒன்றிய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினார்கள். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதன்பின் நம் துறைகளில் நடந்தவற்றில் பெரும்பாலானவை 'விழிப்புணர்வு நிலை' பற்றியவை. எது வன்முறையைக் குறைக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் ஆய்வு வேறு வகையானது. உகாண்டாவின் கம்பாலாவில் அதைச் செய்தார்கள். அந்தந்தக் குடியிருப்பு மக்களையே பேச வைத்து, ஆண்-பெண் அதிகாரத்தைப் பற்றிய எண்ணங்களை மாற்ற முயன்ற 'சாசா' திட்டத்தை எட்டுப் பகுதிகளில் சோதித்தார்கள். திட்டம் நடந்த நான்கு பகுதிகளில், முந்தைய ஓராண்டில் துணைவரின் உடல் வன்முறைக்கு ஆளான பெண்களின் விகிதம், மற்ற நான்கு பகுதிகளைவிட 52 விழுக்காடு குறைவாக இருந்தது. களத்தில் உழைத்த அமைப்பும் மக்கரேரே பல்கலைக்கழகமும் லண்டன் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நின்றதால் கிடைத்த முடிவு அது. மூன்று மாத ஆய்வேட்டில் இது நடக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, துறைகள் மாணவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே களத்தில் தொடர்ந்து ஈடுபடுத்தலாம்.

இத்தகைய கதைகளை நாள்தோறும் கேட்கும் மாணவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. சிலருக்குத் தங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அவர்கள் வாரந்தோறும் மனம்விட்டுப் பேச ஓர் இடம் கொடுப்பது நெறியாளரின் கடமை.

எனவே, வரும் கல்வியாண்டில் இத்தகைய தலைப்புகளை ஏற்கும் முன், தகவல் தருபவரின் பாதுகாப்பு, போக்சோ சட்டக் கடமை, ஒத்திகை நேர்காணல் ஆகியவை அடங்கிய குறைந்தது பத்து நாள் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். அதை நடத்த, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பணியாற்றும் ஆலோசகர்களையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்களையும் அழையுங்கள். அவர்கள் அறிந்ததில் பலவற்றை நாம் அறியோம். 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஆகிய எண்கள் மாணவரின் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஊரில் அழைப்பை எடுத்து உதவிக்கு வரக்கூடியவர் யார் என்பதை அவர் நேரில் சென்று அறிந்திருக்க வேண்டும். அதற்கான சான்று இல்லாத ஆய்வுத் திட்டத்துக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் வழங்கக் கூடாது. நெறியாளர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். அதை முதலில் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
சமூகப்பணி ஆசிரியை ஒருவர்