செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எழுத்துருக்களின் மேல் பித்துக்கொண்ட நம் சங்கத்தின் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மை விடாமல் பிடித்துக்கொண்டது தடித்த ஸ்டென்சில் எழுத்துரு, அதாவது தகட்டில் எழுத்தை வெட்டி அதன் மேல் சாயம் பூசிப் பதிக்கும் எழுத்தைப் போன்ற எழுத்துரு என்பதால், இந்த அறிக்கையும் அதைச் சுற்றியே வருகிறது.

முதல் கூட்டத்தில், 1937-இல் வெளிவந்த இரண்டு எழுத்துருக்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்று லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹண்டர் மிடில்டன் வரைந்தது; மற்றது அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக ஜெர்ரி பவல் வரைந்தது. இரண்டுக்கும் பெயர் ஸ்டென்சில்தான். பவலுடையதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் மட்டுமே உண்டு. கனத்த கால்கள், மழுங்கிய மூலைகள், நடுவே ஓர் இடைவெளி. பார்த்ததும் சரக்குப் பெட்டியும் ராணுவ லாரியும் நினைவுக்கு வருகின்றன.

வேடிக்கை என்னவென்றால், ஈயத்தில் வார்த்த எழுத்துக்கு அந்த இடைவெளி தேவையே இல்லை. தகட்டில் வெட்டும்போதுதான் அது கட்டாயம். வட்டமான ஆங்கில 'O'வை அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தும் பட்டையைத்தான் பாலம் என்கிறோம்; சாயம் பூசியதும் அதுவே இடைவெளியாகத் தெரியும். தகட்டில் அது பிழைப்பு, அச்சில் அது ஒப்பனை. ஜெர்மானிய வடிவமைப்பாளர் பால் ரென்னரின் ஃபியூச்சுரா பிளாக் எழுத்துரு (1929) ஒப்பனையை இன்னும் தூரம் கொண்டுபோனது. அதில் இடைவெளிகளே எழுத்தைக் கட்டி நிறுத்துகின்றன.

பயிற்சிப் பட்டறையில் தமிழ் எழுத்துகளை அட்டையில் வெட்டினோம். ட, ப, ர மூன்றும் சாதுக்கள். மூடிய வயிறு கிடையாது, பாலமும் வேண்டாம். க, ம, வ வந்ததும் வேலை தொடங்கியது. மூன்று சுழி ண-வுக்கு எங்கே பாலம் போடுவது என்று இரண்டு மூத்த உறுப்பினர்கள் தேநீர் ஆறும்வரை வாதிட்டார்கள், இன்னும் தீரவில்லை. புள்ளி மட்டும் தொல்லை தரவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். அட்டையில் அது வெறும் ஓட்டை. திரையில் அழகாகத் தெரிந்த மெல்லிய பாலங்கள் அட்டையில் முதல் பூச்சிலேயே கிழிந்தன. சாயத்தை அள்ளிப் பூசியவர்களுக்கு ஓரம் கசிந்தது; தூரிகையை ஏறக்குறைய உலர்த்திக்கொண்டு தட்டித் தட்டிப் பூசியவர்களுக்குச் சுத்தமாக வந்தது.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்க விதிகளின் புதிய பிரதியை முழுக்க அதே தடித்த எழுத்துருவில், சிறிய அளவில் அச்சிட்டவன் நான். இடைவெளிகளை மை அடைத்துவிட்டது. சந்தா பற்றிய விதியை யாராலும் வாசிக்க முடியவில்லை. அந்தக் காலாண்டில் சந்தா வராததற்கு அதையே காரணமாகச் சொன்னவர்களும் உண்டு. தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் பிறந்த எழுத்து அது. நான்கு சொல்லுக்கு மேல் அதன் குரல் அதட்டலாகிவிடுகிறது. மறு அச்சில் விதிகள் சாதாரண எழுத்துருவில் வந்தன, மேலட்டையில் மட்டும் ஸ்டென்சில்.

நூலகப் பணியில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவல் போன அளவுகோல்களைத் திருப்பித் தருமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் க முதல் ன வரை பதினெட்டு உயிர்மெய்களுக்கும் பாலத்தின் இடத்தைக் குறித்த மாதிரித் தாள் ஒன்றைத் தயாரிக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. ண-வின் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறோம்.

பணிவுடன்,
செயலாளர்