கிருஷ்ணகிரியில் நாங்கள் திருப்தியாகத்தான் கேட்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டு ஸ்டீரியோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தன் செட்டில் திருப்தி அடைந்துவிட்டவன் உண்மையான ஒலி ரசிகனே இல்லை, அடுத்த பெட்டியைத் தேடிக்கொண்டே இருப்பவன்தான் ரசிகன் என்று அதில் ஒரு வரி வருகிறது. கட்டுரையாளர் அதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறார். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கொல்கத்தா சோனோடைன் கம்பெனி ஆம்ப்ளிபயர், பெல்ட்டால் சுழலும் ஒரு டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்), உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்த பெட்டியில் 8 இஞ்ச் வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). இதுதான் என் செட். டர்ன்டேபிளுக்கு அடியில் எங்கள் ஊர் கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கனமான பலகை ஒன்று, அதற்கும் கீழே ரப்பர் துண்டுகள். பக்கத்தில் யார் நடந்தாலும் முள் அதிர்வதில்லை. இளையராஜாவின் இசைத்தட்டைப் போட்டால் இடது பக்கம் வயலின்கள், வலது பக்கம் கிடார், இரண்டுக்கும் நடுவில் ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் எஸ். ஜானகி நின்று பாடுகிறார். அடியில் பேஸ் கிடார் தன்பாட்டுக்கு வேறொரு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. டீக்கடை ரேடியோவில் வருஷக்கணக்காகக் கேட்ட அதே பாட்டில் இப்படி ஒன்று இருப்பதே இந்த செட்டில்தான் எனக்குத் தெரிந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பழைய மோனோ பதிவு, இரைச்சல் இருக்கும். இருந்தாலும் அந்த நாதஸ்வரம் அறையை நிறைத்துவிடும். இதற்கு மேல் நான் எதைத் தேட வேண்டும் ஐயா?

நான் மட்டும் இல்லை. காவேரிப்பட்டினத்தில் ஒரு நண்பர் இன்னும் கேசட் டெக் வைத்திருக்கிறார், வாரம் தவறாமல் ஹெட்டைத் துடைக்கிறார். பாலக்கோட்டில் ஒருவர் சிடியோடு நிறுத்திக்கொண்டார். தருமபுரியில் இருக்கும் தம்பி ஒருவர் போனிலிருந்து டிஏசி (டிஜிட்டல் பதிவை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வழியாகக் கேட்கிறார். சந்தித்தால் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்து என்ன வாங்கலாம் என்று யாரும் தவிப்பதில்லை.

அந்தக் கட்டுரையில் ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் நாற்பதாயிரம் ரூபாய் என்று போட்டிருந்தது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர இரண்டு இழையும் சேர்ந்து அதன் மின்தடை 0.1 ஓமைக்கூடத் தொடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாட் கணக்கும் அப்படியே. 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு லேசான ஏற்றம்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு, திருப்தி இல்லையா, பெரிய ஆம்ப்ளிபயருக்கு மாறுங்கள் என்றால் எப்படி?

என் அறையில் கான்கிரீட் கூரை, மொசைக் தரை. ஆரம்பத்தில் ஒரே எதிரொலி. சுவரில் ஒரு பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன், ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். பேஸ் குமுறுவது நின்றது. பைசா செலவில்லை. உங்கள் பத்திரிகையில் வருகிற அறைகளோ கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கேட்பவருக்கு எந்த இதழிலாவது ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்களா?

திருப்தியைக் கெடுப்பது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு நாதஸ்வர சிடி கொண்டுபோனேன், அதைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அது டெமோவுக்கு ஆகாது சார் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வைத்திருந்த தாள ஒலியையே திரும்பத் திரும்பப் போட்டார் அந்தப் பையன். எந்த ஊர் என்று கேட்டார், கிருஷ்ணகிரி என்றேன். அதற்குப் பிறகு விலை குறைந்த பக்கம்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அப்புறம் என் சிடி பிளேயர். தட்டைப் போட்டால் பாதியில் நின்றுவிடும். கம்பெனியின் சென்னை சர்வீஸ் சென்டருக்குப் பார்சல் அனுப்பினேன். மாசக்கணக்கில் வைத்திருந்து அதே கோளாறோடு திருப்பி அனுப்பினார்கள், ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று. எங்கள் ஊர் டிவி மெக்கானிக் திறந்து பார்த்து, லென்ஸ் நகரும் தண்டில் கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது என்றார். துடைத்துப் புது கிரீஸ் வைத்தார். இன்றுவரை ஓடுகிறது. வூஃபரைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும் என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும். அந்த ஒரு வளையத்துக்காக நாங்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போக வேண்டியிருக்கிறது.

2012 மின்வெட்டில் சென்னைக்காரர்கள் ஓரிரு மணி நேரம் இருட்டில் இருந்தார்கள், எங்களுக்கோ பாதி நாள் கரண்ட் கிடையாது. அப்போது இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிபயர் உறுமுகிறது, என்ன செய்யலாம் என்று உங்களுக்கு எழுதிக் கேட்டேன். பதிலே இல்லை. 4 ஓம் ஸ்பீக்கரை எந்த ஆம்ப்ளிபயரிலும் மாட்டலாம் என்று உங்கள் கேள்வி பதில் பகுதியில் வந்ததே, அதை மறுத்தும் எழுதினேன். 8 ஓமுக்கென்று செய்ததில் 4 ஓமை மாட்டினால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், சூடேறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். அந்தக் கடிதத்தில் நான் இதழைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது. வீட்டில் எல்லோரும் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். எனக்குக் காட்ட மனம் வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பீக்கரைப் பற்றி எழுதும்போது விலையோடு கூட அதன் ஓம், சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) இரண்டையும் போடுங்கள். சென்னைக்கு வெளியே சர்வீஸ் உண்டா என்று ஒரு வரி சேருங்கள். ஃபோம் வளையம் மாற்றுவது எப்படி என்று படத்தோடு ஒரு பக்கம் வெளியிட்டால் எங்கள் பக்கத்தில் பலருக்கு உதவும். 4 ஓம் பற்றிய திருத்தத்தை இப்போதாவது போடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் முழுதாக வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாது என்றால் விட்டுவிடுங்கள், முதல் இரண்டு வரியை மட்டும் எடுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.