கொடியேற்றம் முடிந்ததும் எங்களை வகுப்பறைக்குள் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், அடுத்து சுதந்திர தினம், ஆசிரியர் தினம், நவம்பரில் குழந்தைகள் தினம் என்று பள்ளிகளில் விழாக்கள் வரிசைகட்டி வரும் நேரம் இது. அதை ஒட்டித் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்.

"நாளை பிள்ளைகளைக் காமராஜர் வேடத்தில் அனுப்பவும்" என்று முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரைக்குக் கம்பெனியை விட்டு வெளியே வருகிறவர்கள் அந்த நேரத்தில் வேட்டிக்கும் துண்டுக்கும் எங்கே போவது? வாடகைக்கு உடை தரும் கடையும் அதற்குள் மூடியிருக்கும். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தவரின் பிறந்தநாளுக்கு வாடகை உடை தேடி அலைகிறோமே என்பது வேறு விஷயம்.

ஜூலை 15 திடீரென்று வருகிற நாள் இல்லை. பள்ளிக் கல்வித் துறை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டி வெளியிட்டுவிடுகிறது. மாதம் பிறக்கும்போது அதிலிருந்து அந்த மாதத்துக்கு உரியதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். என்றைக்கு என்ன நிகழ்ச்சி, என்ன கொண்டுவர வேண்டும், பெற்றோர் வர வேண்டுமா, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரிந்தால் போதும். பல கம்பெனிகளில் செல்போனை வேலை முடியும்வரை கையில் வைத்திருக்க விடுவதில்லை. வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது பெரும்பாலும் அப்பாவிடம் இருக்கும். மகள் வகுப்பில் ஒடிசா, பீகார் பிள்ளைகளும் படிக்கிறார்கள். குழுவில் வரும் தமிழ்ச் செய்தியை அவர்கள் வீட்டில் வாசிக்க ஆளில்லை. தாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற அளவுக்கு எளிய தமிழில் இருந்தால், அந்தப் பிள்ளையே அம்மாவுக்குப் படித்து அவர்கள் மொழியில் சொல்லிவிடும்.

அதே தாளில் வகுப்பில் அந்த மாதம் என்ன நடக்கப்போகிறது என்றும் இரண்டு வரி இருக்கட்டும். விழாவைவிட எனக்கு இதுதான் முக்கியம். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகள் நாங்கள் படித்த வகுப்புபோல் இல்லை. கதை, பாட்டு, பொம்மலாட்டம் என்று போகிறது. பிள்ளைகளை அவரவர் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. "என் பையன் இன்னும் அரும்பாம், பெயிலா?" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டார். இந்த மாதம் கடன் வாங்கிக் கழித்தல் என்று முன்பே தெரிந்தால், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் மளிகைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று பிள்ளையையே கழிக்கச் சொல்வோம். டஜன் கணக்கிலும் பண்டல் கணக்கிலும் நாள் முழுக்க எண்ணுகிற எங்களுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மை செய்யத் தெர்மாகோலும் சார்ட்டும் வாங்கிவரச் சொல்லவும் வேண்டாம். இந்த ஊரில் பனியன் வேஸ்ட் கிடைக்காத தெரு இல்லை. கை பொம்மைக்கு அதைவிட நல்ல துணி ஏது?

அடுத்தது பெற்றோரை அழைக்கிற நாள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறார்கள். மூன்று மணிக்குக் கிளம்பினால் மீதி ஷிப்ட்டின் கூலி போகும். ஏற்றுமதி ஆர்டர் முடிக்கிற வாரமாக இருந்தால் அனுமதி கேட்கவே வாய் வராது. பிறகு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேச்சு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் ஆசிரியர்கள் எப்படியும் பள்ளிக்கு வருகிறார்கள். எங்களுக்கும் அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை. 1958-லேயே தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் போட்டாகிவிட்டது. அப்படியிருந்தும் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஒன்பதரைக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள்.

கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். பிள்ளைகள் வரைந்த படங்களையும் செய்த பொம்மைகளையும் வகுப்பிலேயே அடுக்கி வைக்கலாம். பிள்ளை கதை சொல்வதை அப்பா ஒருமுறையாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்கட்டும். மேலாண்மைக் குழுவில் என்ன பேசினார்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வோம். ஊராட்சிகளில் அன்று கிராமசபையும் நடக்கும் என்பதால், பள்ளிக்குத் தேவையானதை அப்படியே அங்கேயும் கொண்டுபோய்ச் சொல்லலாம்.

இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவைப்படாது என்று நினைக்கிறேன். தலைமை ஆசிரியர்கள் மனது வைத்து, ஆகஸ்ட் மாதத் தாளிலேயே "15-ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் பிறகு பத்தரை மணி வரை பெற்றோர் வகுப்பறைக்கு வரலாம்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
திருப்பூர்.