அன்று நீ சொன்னது எனக்குக் கேட்டது

அண்ணா,

2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய அந்தப் பிப்ரவரி 24 வந்தால் நீ போன் எடுப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், சிலதை விட்டுவிடுவேன். உன் மகள் பாப்பாவிடம் கேட்டேன். "என்னைப் பத்தி ஒரு வரிக்கு மேல வேண்டாம் அத்தை" என்றாள். அந்த ஒரு வரி: நன்றாக இருக்கிறாள்.

கப்பலும் வாந்தியும் உனக்குத் தெரிந்ததுதான். நேராக லிட்டில் அந்தமான் மணலுக்கு வருகிறேன்.

நிலா எழ நேரமிருந்தது. ஆமை முகாம் பையன்கள் சிவப்பு டார்ச்சையும் அணைத்துவிட்டார்கள். முதலில் சத்தம்தான், ஈர மணலில் யாரோ படகை இழுப்பதுபோல. தோணியாமை என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கெட்டி ஓடு கிடையாது, தோல்தான். அதில் நீளவாட்டில் ஏழு வரி. பெருமூச்சு விட்டு விட்டு ஏறியது. நீ என் தோளைப் பிடித்தாய். சின்ன வயதில் இருட்டில் என்னை முன்னால் விட்டுப் பிடிப்பாயே, அந்தப் பிடி.

அப்போது பார்த்து, ரெண்டு நாளாகச் செத்துக் கிடந்த உன் போனுக்கு எந்தக் காற்றிலோ ஒரு கோடு சிக்னல் வந்தது. (2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு இங்கே வரை கொண்டுவந்துவிட்டார்கள் என்று கப்பலில் பெருமைப்பட்டவன் நீதான்.) டிங், டிங், டிங். எடுத்துப் பார்த்தாய். உன் முகம் முழுக்க வெள்ளை வெளிச்சம். முட்டை விழ ஆரம்பித்துவிட்டால் ஆமை லேசில் அசையாது. அதற்கு முன்னால் ஒரு வெளிச்சம் போதும். நின்றது. அத்தனை பெரிய உடம்பையும் திருப்பி இழுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது.

"அறிவிருக்கா உனக்கு? அணைச்சுத் தொலை" என்றேன். பையன்கள் முன்னால், அண்ணனை.

"பாப்பா இருக்கிற கார்கிவ்ல குண்டு போடுறாங்களாம்டி" என்றாய். மெதுவாகத்தான். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மாவிடம், அண்ணியிடம், உன்னிடமே சொல்லி வந்திருக்கிறேன். கேட்டது அண்ணா. நீ ரோட்டைப் பார்த்து நடந்தாய். நான் எழுந்திருக்கவில்லை.

வந்திருந்தால் மட்டும் என்ன? ரெண்டு பேருமாக ஒரே போனைப் பார்த்திருப்போம். இல்லை, இது பதிலில்லை. உக்ரைனில் இருக்கிறவர்களைத் தூதரகமே கிளம்பச் சொல்கிறதே என்று நீ தயங்கியபோது "ஒண்ணும் ஆகாது, டிக்கெட்ட வீணாக்காத" என்று கப்பலேற்றியவளும் நான்தான்.

ஆனால் நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "ஆமைக்காக அண்ணனை விரட்டினவ" என்று ஆரம்பித்துவிடுகிறாய். எல்லாரும் சிரிப்பார்கள். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். எனக்கு எரிவது அதில்தான்.

இன்னொன்று. மறுநாள் நீ அதே தீவின் ஹட் பே ஊரில் டவருக்கடியில் நின்று, மெட்ரோ சுரங்கத்துக்குள் இருந்தவளின் குரலுக்காகத் திரும்பத் திரும்ப நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் அதே மணலுக்குப் போனேன். அதே ஆமை வந்தது. இடது துடுப்பில் வெட்டுத் தழும்பு. பின்துடுப்புகளைக் கிண்ணம் மாதிரி மடக்கி, மாற்றி மாற்றி, விளிம்பு சரியாமல் குழி தோண்டியது. தான் தோண்டுவதை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. முட்டைகள் விழுந்தன, கடைசியில் கருவில்லாத பொடி முட்டைகள். 2004 டிசம்பர் அலை இந்தத் தீவுகளின் முட்டையிடும் மணலையே வாரிக்கொண்டு போயிருந்தது. மணல் மெல்லச் சேரச் சேர இவையும் திரும்பியிருக்கின்றன. இங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டதில் ஒன்று ஆப்பிரிக்கா வரை போனது என்று ஒரு பையன் காதோடு சொன்னான். அழுதேன். சந்தோஷத்தில். உன் மகள் சுரங்கத்தில் கிடந்த ராத்திரி நான் சந்தோஷமாக இருந்தேன். திட்டியதற்கு மன்னித்துவிடு, பொய்க்கும். இதற்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவும் இவை ஏறுகிற கரைதான். அங்கே துறைமுகத்துக்கு 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், என் உத்தியோகம் உனக்குத் தெரியும். நேரில் பேசுவோம்.

ஹட் பே கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். வனத்துறை அனுமதியும் வாங்கியாயிற்று. இப்போதும் தினம் ஏதோ ஒரு ஊர் எரிகிறது, உன்னால் போனை விட முடியாது, தெரியும். கொண்டு வா. கறுப்புத் துணியில் சுற்றி நான் வைத்துக்கொள்கிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் புதருக்குப் பின்னால் போய் நானே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

உன் தங்கை